துணைக்கு ஓர் அக்கா

மனநோயிலிருந்து மீண்ட பிறகும் போக வீடில்லாத பெண்களுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு புதுவிதக் குடித்தனம் உருவாகியிருக்கிறது. அதைத் தாங்கி நிற்கும் பெண்களைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

காலை ஐந்தரை மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு. வாசலில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கோடு தவறிவிட, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி புள்ளி வைக்கிறார். உள்ளே அடுப்படியில் டீயில் சர்க்கரையைப் போட்டுவிடுவதா, தனியாக வைப்பதா என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம். ஒருவருக்குச் சர்க்கரை நோய். மற்றவருக்கு இனிப்பில்லாத டீ தொண்டையில் இறங்காது. பாய் விரித்த அறையில் ஒருவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, குளிக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐந்தாவது பெண் ராத்திரி மூன்று மணியிலிருந்து தூங்கவில்லை. கூடத்துக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார். உதடுகள் அசைகின்றன. அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் குரல் அவருக்கு மட்டும்தான் கேட்கிறது.

அவரோடு இன்னொரு பெண்ணும் நடக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். ‘மாத்திரை போட்டீங்களா’ என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தவில்லை. நாலைந்து நடை கூடவே நடந்துவிட்டு, “கால் வலிக்குதுக்கா, செத்த உட்காரலாமா?” என்கிறார். இருவரும் பின்வாசல் படியில் உட்காருகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: “இன்னிக்கு ரேஷன்ல பாமாயில் போடுறாங்களாம். யாரு கூட வர்றீங்க?” படியில் உட்கார்ந்திருப்பவர் கையைத் தூக்குகிறார்.

இது ஒரே ஒரு வீட்டின் காலை அல்ல. இப்படிப்பட்ட வீடுகளில் அன்றாடம் நடப்பதைச் சேர்த்து எழுதிய காலை. அங்கே வாழும் யாரையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் இப்படி.

படியில் உட்கார்ந்த அந்தப் பெண் நர்ஸ் அல்ல, சமூகப்பணிப் பட்டதாரியும் அல்ல. பக்கத்து ஊர்க்காரர். பள்ளிப் படிப்போடு நின்றவர். வீட்டை நடத்தும் நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் ‘பெர்சனல் அசிஸ்டென்ட்’. வீட்டில் எல்லோருக்கும் அக்கா. தன்னைவிட மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

■ ஆஸ்பத்திரியிலிருந்து தெருவுக்கு

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி தொடங்கியது 1794-ல். கீழ்ப்பாக்கத்து வளாகம் 1871-லிருந்து இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுக்கு மேலான இந்த வரலாற்றில், குணமான பெண் எங்கே போவாள் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் தயாராக இருந்தது: குடும்பத்துக்கு. குடும்பம் வரவில்லையென்றால் வார்டிலேயே இருக்க வேண்டியதுதான். 2019-ல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வு, 43 அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று கணக்கெடுத்தது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த மாற்று இன்னும் கொடியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள். தமிழ்நாடு அதை மறந்துவிடக் கூடாது.

1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, தெருவில் அலையும் மனநலம் பாதித்த பெண்களுக்காக முகப்பேரில் ‘அடைக்கலம்’ என்ற இல்லத்தை நடத்திவந்தது. சிகிச்சை பெற்றுத் தேறிய பலர் ஊர் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். அவர்களுக்காக 2015-ல் தொடங்கியதுதான் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம். ஊருக்கு நடுவில், சாதாரணத் தெருவில், வாடகைக்கு ஒரு வீடு. நாலைந்து பெண்கள். கூடவே உதவிக்கு ஓரிருவர். அவ்வளவுதான் அமைப்பு. கோவளம், திருப்போரூர் பக்கமிருந்து கேரளம், அசாம், மகாராஷ்டிரம்வரை பிற அமைப்புகளோடு சேர்ந்து இது பரவியிருக்கிறது. 2021 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம், மனித உரிமை அடிப்படையிலான மனநலச் சேவைகள் பற்றிய வழிகாட்டியை வெளியிட்டபோது, துணையோடு வாழும் வீடுகளுக்கு உலகம் முழுவதிலிருந்தும் எடுத்துக்காட்டிய மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று.

பாராட்டு வந்துவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் நாள் முழுக்க நடப்பது என்ன, அதைச் செய்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே காணோம்.

■ என்ன வேலை இது?

வெளியிலிருந்து பார்த்தால் சமையல், துணி, கடை, மாத்திரை. வீட்டு வேலை செய்யும் அம்மா என்றுதான் தெரு நினைக்கும். உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி, தானே செய்துவிடாமல் பொறுத்திருப்பது.

பத்துப் பதினைந்து வருடம் வார்டில் இருந்த ஒருவர் புது வீட்டுக்கு வந்தால் முதலில் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மின்விசிறி போடலாமா என்று அனுமதி கேட்பார். தாகமெடுத்தால் பானையிலிருந்து தானே தண்ணீர் மொண்டு குடிக்கலாம் என்பது பிடிபட நாளாகும். மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்று பழகிய உடம்பு அது. ஜவுளிக்கடையில் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. பதில் வராத அந்த இரண்டு நிமிடத்தில், கடைக்காரர் அவசரப்படுத்தும்போது, “இந்தப் பச்சை நல்லாருக்கும், இதையே எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லாமல் இருப்பதுதான் வேலை. அவர் வாய் திறந்து ஒரு நிறத்தைச் சொல்லும்வரை நிற்பதுதான் வேலை.

பேன் தொல்லையைக் காரணம் காட்டி நிறுவனங்களில் பெண்களுக்கு மொட்டை அடித்துவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. விரும்பாத ஒருவருக்கு மொட்டை அடிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டிய அளவுக்கு இருந்தது. அப்படி வந்த ஒருவருக்கு முடி வளர வளர, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, வாராவாரம் ஈருளியால் வாரிவிட்டு, முதல் தடவையாகப் பின்னலிட்டு ஒரு முழம் பூ வைத்துவிடும் நாள்வரை கூட இருப்பவர் இந்த அக்காதான். எந்த மருத்துவ அறிக்கையிலும் இது ஏறாது. என் கணக்கில் இது சிகிச்சை.

கண்ணும் கூர்மையாக இருக்க வேண்டும். மனநோய்க்கான மருந்துகள் குரல்களை அடக்கும். அதே சமயம் உடம்பில் வேறு வேலைகளைச் செய்யும். ஓலான்சபின் எடுப்பவருக்கு எடை ஏறும், சர்க்கரை எட்டிப் பார்க்கும். ரிஸ்பெரிடோன் எடுப்பவருக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். க்ளோசபின் எடுப்பவருக்கு வெள்ளணுக்கள் குறையும் அபாயம் உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனை தவறவே கூடாது. காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் வெறும் ஜலதோஷம் என்று விட்டுவிடக் கூடாது. டம்ளரைப் பிடிக்கும் கை நடுங்குகிறதா, வாயில் எச்சில் வடிகிறதா, நடை இறுகிவிட்டதா, ரெண்டு மாசமாக நாப்கின் கேட்கவில்லையே ஏன்... டாக்டர் எப்போதோ ஒருமுறை சில நிமிடங்கள் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் இவர். இவர் போய்ச் சொல்வதை வைத்துத்தான் மாத்திரையின் அளவு மாறுகிறது.

அடுத்தது, கதவு. இந்த வீடுகளின் வாசல் பகலில் திறந்துதான் இருக்கும். யார் வேண்டுமானாலும் டீக்கடைவரை போய் வரலாம். ஒருநாள் ஒருவர் போனார், இருட்டியும் வரவில்லை என்றால்? பஸ் ஸ்டாண்டு, கோயில், கடற்கரை என்று டார்ச்சோடு தேடுகிறவர் இவர்தான். கிடைத்துவிட்டார். மறுநாள் காலை அதே பெண் அதே டீக்கடைக்கு மறுபடி கிளம்புகிறார். இப்போது என்ன செய்வது? பூட்டிவிட்டால் இவருக்கு நிம்மதி. ஆனால் பூட்டிய அன்றைக்கே அது வீடு அல்ல, வார்டு. திறந்துவிட்டால் ராத்திரித் தூக்கம் போகும். இந்த முடிவை எடுப்பது மாதச் சம்பளத்துக்கு வந்த, பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு பெண். பெரும்பாலும் அவர் திறந்துதான் விடுகிறார். கையில் ஒரு சீட்டில் செல்போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். அந்த முடிவில் இருக்கும் தைரியத்தை நாம் மதிக்கப் பழக வேண்டும்.

மாத்திரை வேண்டாம் என்பவரிடமும் இதே கதைதான். சாம்பாரில் கலந்து கொடுத்துவிடு என்று குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவந்த குறுக்குவழி இங்கே கூடாது. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் அந்தப் பெண் அந்த வீட்டில் சோறும் தின்ன மாட்டார்.

┌ பெட்டிச் செய்தி ┐
சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்த நாள் 2018 மே 29.

பிரிவு 18: பாதிவழி இல்லங்கள், துணையோடு தங்கும் இடங்கள் ஆகியவற்றுக்கான ஏற்பாடு அரசின் கடமை.

பிரிவு 19: சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது உரிமை. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது.

பிரிவு 20: கட்டாய மொட்டை கூடாது. விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம். வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் கூலி தர வேண்டும்.

பிரிவு 95: எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

பிரிவு 100: மனநலம் பாதித்து ஆதரவின்றி அலைபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.
└──────────┘

■ பெண் என்பதால் கூடுதல் சுமை

மனநோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும். கைவிடப்படுவதில்தான் வித்தியாசம். கணவனுக்கு நோய் வந்தால் மனைவி பெரும்பாலும் கூடவே இருக்கிறாள், கோயில் கோயிலாக அழைத்துப் போகிறாள். மனைவிக்கு வந்தால், பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு ‘சொல்லாம கட்டிக் கொடுத்துட்டீங்க’ என்று பேச்சு. மனநோயை விவாகரத்துக்கான காரணமாக இந்து திருமணச் சட்டம் இன்றைக்கும் ஏற்கிறது. பிறந்த வீட்டில் அப்பா அம்மா இருக்கும்வரை சோறு. அதன் பிறகு அண்ணன், தம்பி, அவர்கள் குடும்பம். ஒருநாள் அவள் வீட்டைவிட்டு நடந்து போய்விடுகிறாள். தெருவில் அவளுக்கு என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை; தமிழ்நாட்டின் எந்த பஸ் ஸ்டாண்டிலும் அதைப் பார்த்துவிட்டு நாம் கடந்து போயிருக்கிறோம்.

இப்படி வந்தவர்கள் தேறிய பிறகு முதலில் கேட்பது பிள்ளைகளைத்தான். விட்டு வந்தபோது கைக்குழந்தை. இப்போது கல்லூரிக்குப் போகும் வயது. முகவரி கண்டுபிடித்து, போனில் பேசி, ஒருமுறை பார்க்க வைக்கும் முயற்சியை நிறுவனத்தின் சமூகப் பணியாளர் செய்வார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ராத்திரியில் பக்கத்தில் படுத்திருப்பவர் நம் அக்காதான். அந்தப் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை என்றால், அந்த ராத்திரி எப்படிக் கழியும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொத்து விஷயம் தனி. கைநாட்டு வாங்க ஊரிலிருந்து யாராவது வருவார்கள். நல்ல சேலை, பழம், பலகாரம், கூடவே ஒரு பத்திரம். நோயோ, குறைபாடோ, ஊனமோ காரணமாக ஒருவரின் வாரிசுரிமை போகாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1989-லிருந்தே, அப்போதைய திருத்தத்தின்படி, மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. ஆனால் பலகாரத்தோடு வந்திருப்பவர் முன்னால் “அண்ணா, இதை எங்க ஆபீஸ்ல காட்டிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க” என்று சொல்லும் துணிச்சலும் விவரமும் அங்கே நிற்கும் உதவியாளருக்கு வேண்டும். பயிற்சியில் சமையல் பாதுகாப்போடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

ஆதார் இல்லாமல் வருபவர்களுக்கு ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, மாற்றுத்திறனாளி அட்டை என்று வரிசையில் நின்று வாங்கித் தருவதும் இந்த வேலையில் அடக்கம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று என்பது பல தாலுகா அலுவலக கவுன்டர்களில் இன்னும் விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தியாகவே இருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் இருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப் போட ஒரு முகவரி வேண்டும். இந்த வீடுகள் அந்த முகவரியைத் தருகின்றன.

■ தெரு ஒத்துக்கொள்ளுமா?

வீடு கிடைப்பதே பெரும்பாடு. ‘லேடீஸ் மட்டுந்தானே, நல்லது’ என்று சொல்லும் வீட்டுக்காரர், மனநோயிலிருந்து மீண்டவர்கள் என்றதும் ‘பையன் வெளியூர்லேருந்து வரான், வீடு தேவைப்படுது’ என்று நழுவுவார். பொய் சொல்லி வீடு பிடிப்பது சுலபம். நாளைக்கு ஒருவர் நடுராத்திரியில் சத்தம் போட்டால் எல்லோருக்கும் அதிர்ச்சியாகிவிடும் என்பதால், உண்மையைச் சொல்லித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் சில மாதம் தெரு தள்ளி நிற்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். பிறகு சின்னச் சின்ன விஷயங்களில் இறுக்கம் தளரும். எதிர்வீட்டுக்காரருக்கு அவசரத்துக்கு ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது இந்த வீட்டிலிருந்தும் ஒரு படி கேழ்வரகு. தண்ணீர் லாரி வந்தால் குடத்தை வரிசையில் பிடித்து வைத்துக்கொள்ளும் உதவி. உள்ளூர்க்காரரான உதவியாளரின் மதிப்பு இங்கேதான் தெரியும். சென்னையிலிருந்து படித்தவர் ஒருவர் வந்து மனநல விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் நாற்காலி நிறையலாம். ஆனால் ‘நம்ம கன்னியப்பன் மருமகதானே அங்க வேலை பார்க்குது, அதுவே பயப்படல’ என்று டீக்கடையில் ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அந்த மருமகள் தன் குழந்தையை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்து, அங்கிருப்பவர் மடியில் உட்கார வைக்கும் நாளில் தெருவின் பயம் பாதி போய்விடும்.

ஒருவர் இறந்துபோனால்? யார் கொள்ளி வைப்பது, எந்தச் சுடுகாடு, பறை வைக்கலாமா என்ற கேள்விகளோடு தெரு அந்த வாசலில் வந்து நிற்கும். அன்றைக்குத் தோள் கொடுக்க ஆள் வந்தால், அந்தத் தெரு அவர்களைச் சேர்த்துக்கொண்டது என்று பொருள்.

┌ பெட்டிச் செய்தி ┐
உலகம் கற்றுக்கொண்டது

1992: நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பரிஸ் ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ அமைப்பைத் தொடங்குகிறார். ‘முதலில் குணமாகு, பிறகு வீடு’ என்ற விதியைத் திருப்பிப் போட்டு, முதலில் வீட்டைக் கொடுத்தார்.

2007: மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்கிறது. சமூகத்தில் சுதந்திரமாக வாழும் உரிமை அதன் 19-ஆம் பிரிவு.

2009 - 2013: கனடாவில் வான்கூவர், வின்னிபெக், டொராண்டோ, மாண்ட்ரீல், மாங்டன் ஆகிய 5 நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து மாபெரும் பரிசோதனை. கடைசி ஆறு மாதக் கணக்கில், வீடு கொடுக்கப்பட்டவர்களில் 62 சதவீதம் பேர் முழுக்க வீட்டிலேயே நிலைத்திருந்தார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களில் 31 சதவீதம்.

2014: இந்தியாவில் மனநல நிறுவனங்களில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகள் குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிடுகிறது.
└──────────┘

ஒப்பிட்டுப் பார்த்தால், கனடாவின் வான்கூவரில் பெண்களுக்கான துணைவீடுகளில் வேலை செய்பவர்களின் நாள் வேறு மாதிரி. அங்கே போதை மருந்து பெரும் நெருக்கடி. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரலில் அதைப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தது. மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நலோக்சோன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்து உயிர் மீட்பது அங்கே ஊழியருக்கான அடிப்படைப் பயிற்சி. ஷிப்ட் முடிந்தால் அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார். இங்கே பல அக்காக்கள் அதே கூரையின் கீழ்தான் படுக்கிறார்கள். ஷிப்ட் எங்கே முடிகிறது?

■ அக்காவுக்கு யார் துணை?

கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். அடி விழுந்த நாட்களும் இந்த வேலையில் உண்டு. குரல்கள் உச்சத்தில் இருக்கும்போது தட்டு பறக்கும். நேற்றுவரை தலை வாரிவிட்டவரின் கையிலிருந்தே பறக்கும். மறுநாள் அதே பெண்ணுக்கு அதே சிரிப்போடு சாப்பாடு போட வேண்டும். ஒருவர் தற்கொலைக்கு முயன்றால் முதலில் பார்ப்பவர் இவர். மாதக்கணக்கில் கூட இருந்தவர் ஒருநாள் திரும்பவே இல்லையென்றால், ‘அன்னிக்கு நான் கதவைச் சாத்தியிருக்கணுமோ’ என்ற கேள்வியோடு வாழ்பவரும் இவரே. நல்ல நிறுவனங்கள் வாராந்தரக் கூட்டம் வைத்து இதையெல்லாம் பேசவிடுகின்றன. அப்படிப் பேச இடமில்லாத இடத்தில், களைப்பு முதலில் குரலில் கடுமையாக வெளிப்படும், பிறகு கதவில் பூட்டாக மாறும். பணியாளர் சோர்ந்தால் வீடு ஒரே மாதத்தில் விடுதியாகிவிடும்.

சம்பளம்? திட்டப் பணத்தைப் பொறுத்தது. நன்கொடை குறைந்தால் முதலில் ஆட்டம் காண்பது இந்தச் சம்பளம்தான். இந்த வேலைக்கென்று அரசுப் பணியிடம் இல்லை, படிநிலை இல்லை. பத்து வருட அனுபவசாலிக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. ‘புண்ணியமான வேலைம்மா’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். புண்ணியம் பள்ளிக் கட்டணம் கட்டாது.

இந்தப் பேச்சை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடி ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கு ‘மதிப்பூதியம்’ என்று பெயர் வைத்தார்கள். தாய்மை, சேவை என்றெல்லாம் புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு. பெண்கள் பெண்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை என்றால் அது இயல்பாக, இலவசமாக ஊறி வரும் என்று நினைக்கும் நம் பழக்கத்தை இந்தப் புதிய வேலையிலும் தொடர விடக் கூடாது. முளையிலேயே திருத்திவிட இப்போதுதான் சந்தர்ப்பம்.

தனியாக நடுராத்திரியில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, குடியிருப்பு வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது. புகார்க் குழு எங்கே இருக்கிறது, யாரிடம் போவது என்பதை வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இதில் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. ஒருகாலத்தில் சிகிச்சை பெற்றவர்களே இன்று சில வீடுகளில் உதவியாளர்களாக இருக்கிறார்கள். குரல் கேட்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, போயிடும்” என்ற ஒரு வாக்கியத்தை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

■ சட்டத்தில் தெளிவில்லாத ஓர் இடம்

மனநலச் சட்டத்தின்படி ‘மனநல நிறுவனம்’ எல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும். மனநோய் உள்ளவர் உறவினரோடோ நண்பர்களோடோ வசிக்கும் குடும்ப வீடு இதில் சேராது. சரி, ஐந்து பெண்கள் வாடகைக்கு எடுத்து ஒன்றாக வாழும் வீடு எது? நிறுவனமா, நண்பர்கள் வசிக்கும் வீடா? நிறுவனம் என்றால் ஆய்வாளர் வருவார், பதிவேடு கேட்பார், வருகைப் பதிவு கேட்பார், ஆஸ்பத்திரிக்கு உரிய நிபந்தனைகளைக் கேட்பார். மெல்ல மெல்ல வீடு சின்ன ஆஸ்பத்திரியாகும். வீடுதான் என்று விட்டுவிட்டால், ஏர்வாடிக் காப்பகம் மாதிரி நடத்தும் ஆசாமிகள் ‘நாங்களும் வீடுதான்’ என்று பலகை மாட்டிக்கொள்வார்கள்.

எனக்குச் சரியென்று படுவது இது: கட்டடத்தை அளப்பதைவிட வாழ்க்கையைப் பாருங்கள். வாசல் சாவி யார் கையில் இருக்கிறது? அங்கே வாழ்பவரின் பணம் யார் பெயரில் இருக்கிறது? இன்றைய சாப்பாட்டை யார் முடிவு செய்தார்? போன வாரம் யார் வெளியே போனார்? இந்த நான்கு கேள்விக்கு அங்கே வாழும் பெண்களிடமே நேரில் பதில் வாங்குங்கள். அது வீடா, சிறையா என்று தெரிந்துவிடும்.

┌ பெட்டிச் செய்தி ┐
உதவி தேவைப்பட்டால்

மனநல ஆலோசனைக்கு: டெலி-மானஸ் 14416. மத்திய அரசின் இந்த இலவசச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு: 181.

தெருவில் மனநலம் பாதித்து அலையும் பெண்ணைக் கண்டால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பிரிவு 100-ஐ நினைவூட்டுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.
└──────────┘

ஆக, அரசிடம் கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. மாவட்டம்தோறும் இப்படிப்பட்ட வீடுகளுக்கு வாடகையும் சம்பளமும் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் வர வேண்டும். ஆண்டுதோறும் நன்கொடையாளரின் மனநிலையைப் பார்த்து நிற்கக் கூடாது. உதவிப் பணியாளர் என்ற பணியிடம் உருவாக்கப்பட்டு, அதற்குப் பயிற்சிச் சான்றிதழ், குறைந்தபட்ச ஊதியம், வார விடுமுறை, இ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதி எல்லாம் வேண்டும். இரவு வீட்டிலேயே தங்குபவருக்கு அந்த இரவு வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். 2018-லிருந்து சட்டம் இருக்கிறது. அதைச் செய்துகாட்டும் வீடுகளும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. சென்னையில் பிறந்த ஒரு முறையை உலகம் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருக்க, கீழ்ப்பாக்கத்தில் குணமான பெண்கள் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வாடகைக்கு விடும் வீடு ஒன்று இருக்கலாம். மனநோயிலிருந்து மீண்ட நாலைந்து பெண்கள் தங்குவதற்காக ஒரு நிறுவனத்தார் வந்து கேட்கலாம். உடனே மறுத்துவிடாதீர்கள். வாடகை மாதம் தவறாமல் வருமா, உதவியாளர் இரவிலும் இருப்பாரா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று வேறு எந்தக் குடித்தனக்காரரிடமும் கேட்பதைப்போல எல்லாவற்றையும் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் வீட்டைக் கொடுங்கள்.